துரை காலத்துச் சுகமும் தோட்டப் பிள்ளைகளின் கதியும்

நமது தோட்டப்புறங்களில் இப்பொழுது ஒரு புதிய புராணம் வழங்கி வருகின்றது. பள்ளிக்கூட ஆண்டு விழாவானாலும் சரி, கலியாணப் பந்தலானாலும் சரி, பிரிஞ்சாங் கடைத்தெருவில் நான்கு பேர் தேநீருக்கு உட்கார்ந்தாலும் சரி, யாராவது ஒரு பெரியவர், “துரை காலத்தில் பிள்ளைகளின் சுகத்தைத் துரையே பார்த்துக்கொண்டார், தோட்டத்திலேயே ஆஸ்பத்திரி உண்டு, டிரஸ்ஸர் உண்டு, ஆயாக் கொட்டகை உண்டு, கொயினா உண்டு, இப்பொழுது கேட்பார் யார்?” என்று தொடங்கிவிடுகிறார். கேட்டிருப்போர் தலையசைக்கின்றனர். பெரியவர்கள் நாவளவில் இருந்தவரையில் நாமும் சும்மா இருந்தோம். ஆனால் இப்பொழுது படித்தவர்களும் விழா மலர்களிலே அதே பல்லவியை எழுதத் துணிந்துவிட்டபடியால், இனியும் வாய்மூடியிருப்பது தகாது என்று கருதி இதை எழுதப் புகுந்தோம்.

பெரியவர்களை அவமதிப்பது நமது எண்ணமன்று. காடு வெட்டிய கையும், பனியிலே கொழுந்து பறித்த கையும் அவர்களுடையவை. ஆனால் பட்ட துன்பத்தை மறந்துவிட்டு, அதை அளந்தவனைப் புகழ்வது எந்த நியாயம் என்றுதான் கேட்கின்றோம். அளந்தான் என்பது உண்மை. எதற்காக அளந்தான், அளந்தபின் அளக்கப்பட்ட பிள்ளை என்னவாயிற்று என்பதல்லவா கேள்வி?

இதைச் சொல்ல உமக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். நாம் தோட்டத்துக் கிராணி. இங்கிலீஷ் பள்ளியிலே படித்து, இங்கிலீஷிலே கணக்கு எழுதிப் பிழைக்கிறவர். எண்ணுவதே நமது தொழில். காலையில் பிரட்டுக்கு வந்த ஆள் எத்தனை, நின்ற ஆள் எத்தனை, பறித்த கொழுந்து எத்தனை கிலோ, இறங்கிய உரம் எத்தனை மூட்டை என்று நாள் முழுவதும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆதலால் எண்ணுவது வேறு, பேணுவது வேறு என்பதை மற்றவர்களைக் காட்டிலும் நாம் நன்றாக அறிவோம். உர மூட்டையை எண்ணுகிறவன் மூட்டையின்மேல் அன்பு வைத்து எண்ணுவதில்லை.

முதலில் மலாயாவில் தோட்டப் பிள்ளைகளின் உடம்பை டாக்டர்கள் தொட்டுப் பார்க்கத் தொடங்கிய கதையைப் பார்ப்போம். 1901-இல் கிள்ளான் மாவட்டத்துக்கு வைத்தியராக மால்கம் வாட்ஸன் என்பவர் வந்தார். அப்பொழுது கிள்ளானும், புதிதாகக் கட்டிய போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகமும் மலேரியாவில் மூழ்கிக் கிடந்தன. அவர் சதுப்பை வெட்டி, நீரை வடித்து, கொசுவின் இருப்பிடத்தை அழித்து, இரண்டு ஊர்களையும் காப்பாற்றினார். பிறகு ரப்பர்த் தோட்டங்களுக்குள் புகுந்தார். எந்தத் தோட்டத்தில் மலேரியா எவ்வளவு என்று கண்டுபிடிக்க அவர் கையாண்ட அளவுகோல் எது தெரியுமா? தோட்டத்துப் பிள்ளைகளின் வயிறு.

மண்ணீரல் என்பது இடப்பக்க விலாவெலும்புக்கு உள்ளே மறைந்து கிடக்கும் ஓர் உறுப்பு. சுகமாயிருக்கும் பிள்ளைக்கு அது கைக்கு அகப்படாது. முறைக்காய்ச்சல் பலமுறை கண்ட பிள்ளைக்கோ அது வீங்கி, விலாவுக்குக் கீழே இறங்கி, விரலுக்குத் தட்டுப்படும். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, நூற்றுக்கு எத்தனை பேருக்குத் தட்டுப்படுகிறது என்று கணக்கெடுத்தால் அவ்விடத்து மலேரியாவின் அளவு தெரிந்துவிடும். 1840-களிலேயே வட இந்தியாவில் யமுனைக் கால்வாய்ப் பிரதேசங்களில் டெம்ப்ஸ்டர் என்ற வைத்தியர் கையாண்ட முறை இது. வயது வந்த ஆளை விட்டுப் பிள்ளையைத் தேடுவதற்கும் காரணமுண்டு. வயது வந்தவன் நேற்று நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவனாயிருக்கலாம்; அவனுக்குக் காய்ச்சல் எங்கே பிடித்தது என்று நிச்சயிக்க முடியாது. பிள்ளையோ அந்த லயத்து வாசலிலேயே தவழ்ந்து வளர்ந்தது. அதன் வயிறு அந்த மண்ணுக்குச் சாட்சி.

வாட்ஸன் இக்கணக்குகளையெல்லாம் சேர்த்து 1911-இல் ஐக்கிய மலாய் நாடுகளின் மலேரியா தடுப்பைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். அவர் வேலை வீண்வேலையன்று. மலையோடைகளில் வெயில் படும் தெளிநீரிலே வளரும் கொசு எது, காட்டுச் சதுப்பிலே வளரும் கொசு எது என்று பிரித்தறிந்து அவர் செய்த காரியத்தால் பிழைத்த உயிர்கள் பல. அவர்மேல் நமக்கு வழக்கில்லை. நமது வழக்கு, அந்தக் கணக்கைக் கருணை என்று பெயர் மாற்றி விற்கிறவர்கள்மேல்தான். சதவீதத்துக்குள்ளே பிள்ளைக்குப் பெயர் உண்டா? வயிறு வீங்கிய பிள்ளை பிழைத்ததா, இறந்ததா, பள்ளிக்குப் போயிற்றா, எழுத்துக் கற்றதா என்ற கேள்விக்கு அந்த எண் விடை சொல்லுமா? தோட்டக்காரனுக்கு அந்த எண் வேண்டியிருந்தது. ஏனெனில் காய்ச்சலில் விழுந்த கூலியாள் பால்மரம் வெட்டமாட்டான். வடிகால் வெட்ட ஆகும் செலவுக்கும், ஆள் படுத்துவிட்டால் ஆகும் நஷ்டத்துக்கும் கணக்குப் பார்த்தான். வடிகால் மலிவு என்று கண்ட இடத்தில் வெட்டினான். அதனால் பிள்ளையும் பிழைத்தது. தோட்டக்காரன் தன் லாபத்துக்காக வெட்டிய வாய்க்காலிலே பிள்ளையின் உயிரும் தங்கிற்று என்றால் சந்தோஷந்தான். ஆனால் அதற்காக வாய்க்காலுக்குக் கற்பூரம் காட்டச் சொல்லுவது அடிமைப் புத்தி என்போம்.

நிற்க, பள்ளிக்கூடத்தின் சங்கதி இன்னும் விசித்திரமானது. 1912-இல் தோன்றி 1923-இல் விரிவு பெற்ற தொழிலாளர் சட்டத்தொகுப்பு, 7 முதல் 14 வயது வரையிலுள்ள ஒரே இனத்துப் பிள்ளைகள் 10 பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்கவேண்டும் என்று கட்டளையிட்டது. 10 தலை! ஒன்பது பிள்ளை இருந்தால் சரஸ்வதிக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை போலும். ஆசிரியர் யார்? பல இடங்களில் கிராணியும் கங்காணியும், சில இடங்களில் டிரஸ்ஸருமே வாத்தியார்கள். காலையில் பிள்ளை வெளிக்கட்டுக்குப் போய்ப் புல் வெட்டி வந்தபின் மீதமுள்ள நேரத்தில் பள்ளி நடந்த தோட்டங்களும் உண்டு. சர்க்கார் கொடுத்த உதவித்தொகையோ பிள்ளைகளின் வரவையும் பரீட்சைத் தேர்ச்சியையும் பொறுத்தது. ஆகவே வரவுப் புத்தகம் மட்டும் கண்ணும் கருத்துமாக எழுதப்பட்டது. வந்தான், வரவில்லை, வந்தாள், வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்குக் காசு கிடையாது. ஆதலால் அது எழுதப்படவில்லை. காய்ச்சலோ, வயிற்றுப்போக்கோ, தாய் வேலைக்குப் போய்விட்டபடியால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றதோ, எல்லாம் ஒரே சுழிக்குள்ளே அடங்கிவிட்டன.

இதே காலத்தில்தான் மற்றொரு வியாதி நமது பிள்ளைகளைத் தின்றுகொண்டிருந்தது. கொக்கிப்புழு என்பது மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உடம்புக்குள் ஏறி, குடலிலே கொக்கி மாட்டிக்கொண்டு இரத்தத்தைக் குடிக்கும் பூச்சி. அது தோல் வழியாக ஏறுகிறது என்பதை 1898-இல் கெய்ரோவில் லூஸ் என்ற ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் கண்டறிந்தார். 1915 முதல் 1917 வரை ராக்பெல்லர் ஸ்தாபனத்தார் அனுப்பிய டார்லிங், பார்பர், ஹாக்கர் என்ற மூவர் மலாயா, ஜாவா, பிஜி ஆகிய இடங்களிலே இதை ஆராய்ந்தனர். இலங்கையிலும் 1916 முதல் தோட்டத் தமிழர்களிடையே அதே ஸ்தாபனத்தின் உதவியோடு இதற்கான வைத்தியம் தொடங்கியது. இரத்தம் குறைந்த பிள்ளை சோர்ந்து உட்காரும், கேட்ட கேள்விக்கு விழிக்கும், மண்ணைத் தின்னும். வாத்தியார் அதற்கு வைத்த பெயர் ‘மக்கு.’ வீட்டார் சொன்ன காரணம் ‘தலைவிதி.’ புழுவுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. எத்தனை தலைமுறை மக்குகளை நாம் புழுவுக்குத் தாரை வார்த்தோம் என்பதை எண்ணிப் பார்க்கும்பொழுது நெஞ்சு பதறுகின்றது.

“அக்காலத்து அறிவு அவ்வளவுதான், வெள்ளைக்காரன் ஊரிலும் அப்படித்தானே இருந்திருக்கும்” என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். அது பொய்யென்று காட்டுவோம். பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் 1874-லேயே பள்ளிக்கூட டாக்டர்கள் ஏற்பட்டுவிட்டனர். இங்கிலாந்தில் பிராட்போர்டு நகரத்தார் 1893-இல் ஜேம்ஸ் கெர் என்பவரைப் பள்ளி வைத்தியராக நியமித்தனர். 1899-இல் அவரும், பள்ளிச் சபை அங்கத்தினரான மார்கரெட் மக்மில்லன் என்ற அம்மையாரும் ஏழைப் பிள்ளைகளை வரிசையாகப் பரிசோதித்தனர். அதே ஆண்டில் தொடங்கிய போயர் யுத்தத்துக்கு ஆள் சேர்க்கப்போன இடங்களில், தொழிலாளர் வீட்டு வாலிபர் பலர் உடம்பு போதாதென்று தள்ளப்பட்டனர். சாம்ராஜ்யத்துக்குத் துப்பாக்கி தூக்க ஆள் இல்லையே என்ற கிலியில் 1904-இல் ஒரு விசாரணைக் கமிட்டி அறிக்கை தந்தது; 1906-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிக்கச் சட்டம் பிறந்தது; 1907-இல் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளை வைத்தியர் பரிசோதித்தே தீரவேண்டும் என்று சட்டம் வந்தது.

கவனியுங்கள்: அங்கும் முதலில் பிள்ளைக்காக அன்று, பட்டாளத்துக்காகவே எண்ணினார்கள். அப்படியானால் அவர்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? அங்கே எண்ணிக்கையைக் கையிலே வைத்துக்கொண்டு, “கண்டுபிடித்தீர்களே, இனி வைத்தியம் எங்கே?” என்று கேட்க ஆளிருந்தது. வைத்தியமில்லாத பரிசோதனை வெறும் வேடிக்கை என்று கண்ட மக்மில்லன் அம்மையார், 1908-இல் லண்டன் போ பகுதியிலும், 1910-இல் டெப்ட்போர்டிலும் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே சிகிச்சை நிலையம் திறந்தார். இங்கே அதே கிரீடத்தின் கீழ், அதே ஆண்டுகளில், பிள்ளையின் மண்ணீரலை எண்ணினார்கள், கேட்க ஆளில்லை. இங்கிலாந்தின் 1907-க்கும் நமது தொழிலாளர் சட்டத்தின் 1912-க்கும் இடையே ஐந்தே ஆண்டுகள். ஆகவே குறை அறிவிலே இல்லை. அங்கே பிள்ளையைப் பெற்றவன் சட்டசபைக்கு ஆள் அனுப்புகிறவன்; இங்கே பெற்றவன் செக்ரோலில் ஒரு நம்பர். இதுதான் வித்தியாசம்.

கடல் தாண்டுவானேன்? நாம் நிற்கும் இந்த மலையையே பார்ப்போம். 1885-இல் வில்லியம் கேமரன் கண்டு சொன்ன இந்த மலைப்பிரதேசத்தை, 1925-இல் ஜார்ஜ் மாக்ஸ்வெல் வந்து பார்த்தபின் அரசாங்கம் திறந்துவிட முற்பட்டது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைக் கம்பெனியைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து சாலையும் ஏறிற்று. சாலையோடு நமது ஜனங்களும் ஏறினார்கள். 1934-இல் கிரிஃபித்-ஜோன்ஸ் என்ற அம்மையார், சிங்கப்பூரில் 1925-இல் தாம் ஏற்படுத்திய டாங்ளின் பள்ளியின் தொடர்ச்சியாக இங்கே ஒரு விடுதிப் பள்ளி திறந்தார். காரணம் என்ன? சமவெளியின் வெப்பம் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் உடம்புக்கு ஆகாது. சீமைக்கு அனுப்பினால் தாய் தகப்பனைப் பிரியவேண்டும். ஆகவே குளிர்ந்த மலைக்காற்றில் வைத்துப் படிப்பிக்கவேண்டும் என்பதே. மிகவும் நியாயமான காரணம். தாய் தகப்பன் எவருக்கும் தோன்றவேண்டியதே. அந்த அம்மையாரை நாம் குறை கூறவில்லை. ஆனால் ஒரே காற்று, ஒரே பனி, ஒரே மலை. ஒரு பிள்ளைக்கு அது ஆரோக்கியம் தரும் மருந்து; மற்றொரு பிள்ளைக்கு அது கம்பளியில்லாத லயத்திலே விடியவிடிய இருமும் சளி. காற்றிலே பேதமில்லை, கம்பளியிலேதான் பேதம். இதையா ‘துரை பார்த்துக்கொண்ட காலம்’ என்கிறீர்கள்?

நம் தாய்நாட்டின் கதையும் பெருமைப்படத்தக்கதன்று. எனினும் அங்கே சில தீபங்கள் எரிந்தன. 1909-இல் பரோடா நகரத்திலே பள்ளிப் பிள்ளைகளுக்கு வைத்திய பரிசோதனை நடந்தது. 1920-இல் நீதிக்கட்சியார் வசமிருந்த சென்னை நகரசபை, தியாகராயச் செட்டியார் தலைமையிலே, ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு நடுப்பகல் உணவு கொடுக்கத் தொடங்கியது. 1920-களின் பிற்பகுதியில் சட்டசபையில் அமர்ந்த டாக்டர் முத்துலட்சுமி அம்மையார், பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒழுங்கான வைத்திய பரிசோதனை வேண்டும் என்று வற்புறுத்தினார். இவ்வளவுக்குப் பின்னும் 1946-இல் போர் கமிட்டி தன் அறிக்கையிலே, இந்தியாவில் பள்ளிச் சுகாதார சேவை என்பது அநேகமாக இல்லையென்றே எழுத நேர்ந்தது. ஆங்காங்கு ஏற்றிய தீபம் அணைந்துபோனதற்குக் காரணம் எண்ணெய் ஊற்றுவாரில்லாமையே.

எண்ணெய் ஊற்றுவது என்றால் என்ன என்பதற்கு ஒரே ஓர் உதாரணம் சொல்லுவோம். நியூயார்க் நகரத்தில் பள்ளிப் பிள்ளைகளை டாக்டர்கள் பரிசோதித்து, சொறி, படர்தாமரை, கண்நோய், பேன் உள்ளவர்களைச் சீட்டுக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தனர். தாய் தகப்பன்மாரோ வேற்று நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். பலருக்கு அந்தச் சீட்டைப் படிக்கத் தெரியாது. சீட்டுத் தெருவிலே பறந்தது. பிள்ளை தெருவிலே விளையாடிற்று. நோய் நோயாகவே இருந்தது. 1902 அக்டோபரில் லினா ரோஜர்ஸ் என்ற ஒரு நர்ஸை ஒரு மாதப் பரீட்சையாகப் பள்ளிகளிலே விட்டனர். அந்தப் பெண் என்ன செய்தார்? சீட்டின் பின்னாலேயே வீட்டுக்குப் போனார். தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, சீட்டில் எழுதியிருப்பதை எடுத்துச் சொன்னார். புண்ணைக் கழுவிக் காட்டினார். மறுநாள் பிள்ளையைப் பள்ளியிலேயே கண்டு மருந்திட்டார். 1902 செப்டம்பரில் நோயென்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் 10,500-க்கு மேல். அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஏறக்குறைய 1,100. டாக்டர்கள் இருந்தபடியே இருந்தனர். சீட்டும் அப்படியே இருந்தது. சீட்டுக்குக் கால் முளைத்தது, அதுதான் புதுமை.

இனி நமது காலத்துக்கு வருவோம். 1967-இல் மலேசிய அரசாங்கம் பள்ளிச் சுகாதார சேவையைத் தொடங்கியது. இன்று நமது தமிழ்ப் பள்ளிகளுக்கும் சர்க்கார் நர்ஸுகள் வருகிறார்கள். முதலாம் ஆண்டுப் பிள்ளைக்குக் கண் பார்க்கிறார்கள், எடை பார்க்கிறார்கள், தடுப்பூசி போடுகிறார்கள். பல்லுக்கென்று தனியே ஒரு கூட்டத்தார் வருகிறார்கள். துரை கனவிலும் காணாத காரியம் இது. இதைக் கேட்பாரில்லாத காலம் என்று பழிப்பவர்கள் கண்ணிருந்தும் காணாதவர்கள். ஆனால் இதனால் நமது கடமை தீர்ந்துவிட்டதா? தீரவில்லை என்பதற்கு நாமே குற்றவாளியாக நின்று சாட்சி சொல்லுவோம்.

சில ஆண்டுகளுக்கு முன், நாம் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில், தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவர் ஒரு மாலைப்பொழுது ஆபீசுக்கு வந்தார். முதலாம் ஆண்டு படிக்கும் அவர் மகளைப் பள்ளியிலே நர்ஸ் பரிசோதித்து, இரண்டு கண்ணிலும் பார்வை குறைவு, ஒரு மாதத்துக்குள் கண் டாக்டரிடம் காட்டவேண்டும் என்று மலாயில் எழுதிய சீட்டொன்று கொடுத்தனுப்பியிருந்தார். தகப்பனாருக்கு மலாய் தெரியாமலில்லை. ஆஸ்பத்திரிக்கு டெலிபோன் செய்து தேதி வாங்கவேண்டும். அந்தத் தேதிக்கு லீவு எழுதவேண்டும். அதற்காகவே நம்மிடம் வந்தார். “ஐயா, நீங்களே பேசிச் சொல்லிடுங்க” என்று சீட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அது மாதக் கடைசி. சம்பளக் கணக்கு தலைக்குமேல் இருந்தது. நாளைக்குப் பார்ப்போம் என்று சீட்டை இழுப்பறையிலே போட்டோம். நாளை வந்தது, நாம் பார்க்கவில்லை. அவர் ஒருமுறை வந்து கேட்டார்; “பேசுகிறேன் அண்ணே” என்றோம். மறுமுறை கேட்க அவருக்குக் கூச்சம். கிராணியை அவசரப்படுத்தலாமா என்ற பழைய பயம் இன்னும் நமது ஜனங்களின் எலும்பிலிருந்து போகவில்லை.

நான்கு மாதம் கழித்து, வேறொரு காகிதத்தைத் தேடும்பொழுது அந்தச் சீட்டுக் கைக்கு அகப்பட்டது. அதற்குள் அந்தப் பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்று பெயர் ஏற்பட்டுவிட்டது. கடைசி வரிசைக்கு மாற்றியிருந்தார்கள். அன்றே டெலிபோன் செய்தோம், நாமே வண்டியிலே அழைத்துப் போனோம், கண்ணாடி வந்தது. கண்ணாடி போட்ட முதல் வாரத்தில் அந்தக் குழந்தை நம்மைக் கண்டு, “அங்கிள், போர்டுல எழுத்துக்கு அடியில கோடு போட்டிருக்காங்க” என்று சொல்லிற்று. அதுவரையில் கோடு இருந்ததே அதற்குத் தெரியாது. தகப்பனார் நமக்கு நன்றி சொன்னார். அந்த நன்றி அடித்த அடியைவிட வலித்தது. எந்தத் துரையும் அந்தச் சீட்டை மறைக்கவில்லை. எந்தச் சர்க்காரும் தடுக்கவில்லை. ஒரு தமிழ்ப் பிள்ளையின் நான்கு மாதக் கண்பார்வையை ஒரு தமிழ்க் கிராணியின் இழுப்பறை விழுங்கிற்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏட்டிலே இருந்ததைக் கறியாக்கவேண்டிய கை நமது கையாக இருந்தது.

ஆகவேதான் சொல்லுகின்றோம்: துரை காலத்துப் பெருமை பேசுவது வெறும் அறியாமை மாத்திரமன்று, அது நமது சோம்பேறித்தனத்துக்கு நாமே போட்டுக்கொள்ளும் போர்வை. “அப்பொழுது துரை பார்த்தார்” என்பவரும், “இப்பொழுது சர்க்கார் பார்க்கிறது” என்பவரும் ஒரே ஆள்தான். இருவருக்கும் உட்கருத்து, “நான் பார்க்கவேண்டியதில்லை” என்பதே. பிள்ளைக்கு உடம்பு சரியில்லையென்றால் கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப்போடுகிறோம். காற்றுச் சேஷ்டை என்று தாயத்துக் கட்டுகிறோம். நர்ஸ் கொடுத்த சீட்டை மட்டும் அரிசி டின்னுக்கு அடியிலே பத்திரமாக வைக்கிறோம். திருவிழாவுக்கு ஈப்போ வரை பஸ் பிடிக்கத் தெரிந்த நமது கமிட்டிகளுக்கு, கண் தெரியாத நான்கு பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக ஒரு வேன் பிடிக்கத் தோன்றுவதில்லை.

“தொழிலாளிக்கு ஒருநாள் லீவு எடுத்தால் ஒருநாள் கூலி போகுமே” என்பது ஓர் ஆட்சேபணை. இது உண்மையான ஆட்சேபணை. இதற்கு விடை தாயத்தன்று, கூட்டுக் கோரிக்கை. பள்ளிச் சீட்டோடு பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகும் நாளுக்குக் கூலி பிடிக்கக்கூடாது என்று தோட்டத்துச் சங்கங்கள் நிர்வாகத்திடம் கேட்கட்டும். “தோட்டத்தில் தமிழர் குறைந்துவிட்டனர், பள்ளியில் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம், இனி என்ன?” என்பது மற்றோர் ஆட்சேபணை. விரல்விட்டு எண்ணத்தக்க பிள்ளைகளைக்கூடப் பெயர் சொல்லி விசாரிக்க முடியாவிட்டால், நூற்றுக்கணக்கில் இருந்தபொழுது என்ன கிழித்திருப்போம்? குறைவு என்பது சாக்கன்று, சௌகரியம்.

நாம் கேட்பவை மூன்றே. ஒன்று, பள்ளி வரவுப் புத்தகத்தில் ‘வரவில்லை’ என்பதோடு நிற்காமல், ஏன் வரவில்லை என்பதையும் எழுதவேண்டும். மாதத்துக்கு ஒருமுறை பெற்றோர் ஆசிரியர் சங்கம் அதைப் படித்துப் பார்க்கவேண்டும். ஒரே பிள்ளை மாதத்தில் மூன்று முறை வயிற்றுவலி என்று நின்றால் அது சோம்பலன்று, நோய் என்பது அப்பொழுது புலப்படும். இரண்டு, ஒவ்வொரு லயத்துக்கும் ஒருவர், அதிலும் ஒரு பெண்மணி, நர்ஸ் கொடுத்த சீட்டு எந்த வீட்டுக்கு வந்தது, அதன்படி நடந்ததா என்று பின்தொடரும் பொறுப்பை ஏற்கவேண்டும். சம்பளம் வேண்டாம், ஒரு நோட்டுப் புத்தகமும் வாயும் போதும். மூன்று, நம்மைப்போன்ற கிராணிமார், தோட்டக் கணக்குக்கு முன்னே அந்தச் சீட்டை எடுக்கவேண்டும். கொழுந்துக் கணக்கு ஒருநாள் தாமதித்தால் துரைசாணி அழமாட்டாள். இன்று துரைசாணியும் இல்லை.

பிள்ளையின் வயிற்றைத் தொட்டு மற்றவன் தன் லாபத்தை எண்ணிய காலம் ஒன்று இருந்தது. இப்பொழுது பிள்ளையின் கண்ணைச் சோதித்து, அதன் சுகத்துக்காகவே சீட்டு எழுதும் காலம் வந்திருக்கிறது. அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பழைய துரையின் படத்துக்கு மாலை போடுகிறவர்களை நாம் ஒன்றே ஒன்று கேட்கின்றோம்: ஐயா, மாலையை அப்புறம் போடலாம், உமது வீட்டு அரிசி டின்னுக்கு அடியில் ஏதாவது சீட்டு இருக்கிறதா என்று முதலில் தூக்கிப் பார்ப்பீரா? நாமும் நமது இழுப்பறையை மறுபடியும் ஒருமுறை திறந்து பார்க்கின்றோம்.